சும்மா சொல்லக் கூடாத பேர்கள்

ஆடி மாதத்து முதல் வெள்ளியன்று, கோரைமுனைக் கடல்பதம் நிலையத்தில் புதிதாக வேலைக்கு வந்திருந்த நஸீமா, ஒரு பேருக்குப் பின்னால் போட வேண்டிய அடைப்புக்குறியைப் போட மறந்துபோனாள். அன்றிலிருந்து எங்கள் ஊரில் எந்தப் பேரையும் சும்மா சொல்ல முடியாமல் போயிற்று.

நிலையம் என்றதும் பெரிய மாளிகையை நினைத்துவிட வேண்டாம். படகுத்துறைக்கு மேற்கே ஒரு ஓட்டுக்கட்டடம், கடலைப் பார்த்த ஒரு ஜன்னல், முற்றத்தில் ஒரு கொடிமரம், அவ்வளவுதான். அந்த மரத்தில் பச்சைத் துணி ஏறினால் படகுகள் கடலுக்குப் போகும், சிவப்புத் துணி ஏறினால் வலைக்குக் கரையிலேயே வேலை. எந்தத் துணி ஏற வேண்டும் என்று சொல்வது மனுஷர் இல்லை, கணினிக்குள் இருந்த ஒரு ஃபங்ஷன், அதாவது கொடுத்ததை வாங்கிக் கணக்குப் போட்டு விடை சொல்கிற ஒரு நிரல். ஆர் என்று ஓரெழுத்துப் பேர் கொண்ட கணக்கு மொழியில் நிலையத்தின் தலைவர் நாகநாதன் சார் தாமே எழுதி, பேக்கேஜாகக் கட்டி வைத்திருந்தார், அதற்குக் கடல்பதம் என்றே பேரும் வைத்திருந்தார். அந்தப் பேரை அடித்து, ஒட்டினாற்போல் ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டு, அந்த வளைவுகளுக்கு நடுவே பட்டணத்திலிருந்து வருகிற காற்றுக் கணக்கையும் அலைக் கணக்கையும், கூடவே பாசி எடுக்கும் பெண்கள் சொன்ன சொல்லையும் வைத்துக் கொடுத்தால், பச்சை அல்லது சிவப்பு என்று ஒரு வார்த்தை திரும்பி வரும்.

பாசி எடுக்கும் பெண்கள் கிழக்கு வெளுக்கும்போதே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, விரல்களில் கிழிதுணி சுற்றிக்கொண்டு, பாறைகளில் பாசி பறிப்பவர்கள். கரையேறிப் போகிற வழியில் நிலையத்து ஜன்னலில் நின்று, முந்தானையில் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, இன்றைக்குக் கடல் காலுக்கு எப்படி இருந்தது என்று அங்கே வைத்திருந்த மைக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். "அடியில இழுவை இருக்கு" என்பாள் ஒருத்தி. "தண்ணி கனமாக் கெடக்கு" என்பாள் இன்னொருத்தி. அவர்களில் மூத்தவளான ராக்கு மட்டும் எப்போதும் கடலை வீட்டு மனுஷியைப் போலத்தான் சொல்வாள்: "கோவமெல்லாம் இல்ல, சும்மா சடைச்சிக்கிட்டு இருக்கா." அவர்கள் சொல்லி முடித்த பிறகுதான் கொடி ஏறும் என்பதால், கொடி ஏறுவதே தங்கள் சொல்லில்தான் என்று அந்தப் பெண்களுக்கு ஒரு பெருமை இருந்தது. சந்தையில் யாராவது ராக்குவிடம் பாசிக்கு விலை குறைத்துக் கேட்டால், "கொடி ஏத்துற வாய்கிட்டயா பேரம் பேசுற?" என்பாள்.

சோறு போடுகிற வீட்டில் அடுப்படியை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நிலையத்திலும் அந்தப் பழக்கம்தான் நடந்தது. ஒருவர் எழுதிய ஃபங்ஷனைக் கூப்பிடலாம், அது கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது மரியாதை ஆகாது. அதனால் கடல்பதத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எழுதினவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

நஸீமா கீழக்கரைப் பெண், சுறுசுறுப்பானவள், அன்றைக்கு நோன்பு வைத்திருந்த களைப்போ என்னவோ, பேரை அடித்துவிட்டு வளைவு போடாமலே விசையைத் தட்டிவிட்டாள். பேரை மட்டும் சொன்னால், நீ என்னிடம் வேலை ஏதும் கேட்கவில்லை, நான் யார் என்றுதான் கேட்கிறாய் என்று அந்த மொழி எடுத்துக்கொள்ளும், உள்ளே இருப்பதை அப்படியே எடுத்துக் காட்டும். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, அந்த மொழியின் குணமே அதுதான். ஆனால் அன்றைக்குக் காட்டியது திரையோடு நிற்கவில்லை. வரிகள் திரையின் விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்து, தரையில் ஊர்ந்து, மேற்குச் சுவரில் ஏறின. சுவர், கீறிய மீனைப் போல மேலிருந்து கீழாகப் பிளந்து கொடுத்தது. பிளவுக்குள்ளே வரிவரியாக எழுத்து நின்றது. நஸீமா பதறி எழுந்தவள் பக்கத்தில் இருந்த குவளையைத் தட்டிவிட்டு "தண்ணி!" என்றாள். கொட்டிய தண்ணீரும் பிளந்து, தான் எந்தக் கிணற்றிலிருந்து எந்தக் குழாய் வழியாக எந்தத் துருவைத் தொட்டுக்கொண்டு வந்தேன் என்று ஒழுங்காக வரிசைப்படுத்திக் காட்டியது.

மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வேலை ஏதும் சொல்லாமல் ஒரு பேரை மட்டும் சொன்னால் அந்தப் பேருக்குரியது திறந்துகொள்ளும். மனுஷர் என்றால் தொண்டைக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும். வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. பார்க்கிறவர் கண்ணை எடுத்தால் திரும்ப மூடிக்கொள்ளும், சட்டைப் பித்தான்கூட அறுந்திருக்காது.

எங்கள் ஊர்க்காரர்கள் புயலையே எத்தனையோ தரம் பார்த்தவர்கள், இதற்காகக் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. டீக்கடைக்குப் போய் "டீ" என்று மட்டும் சொன்னவர்கள் கண்ணாடிக் கிளாசுக்குள் நேற்றைய தூளைப் பார்த்து முகம் சுளித்தார்கள்; மறுநாள் முதல் "ஒரு டீ போடுங்க" என்று முழுசாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பிள்ளையைக் கூப்பிடும் தாய்மார் "சந்தனம் சாப்பிட வாடா" என்று மூச்சு விடாமல் ஒரே வார்த்தையாகக் கூப்பிட்டார்கள். பேரைச் சொல்லியாக வேண்டும், சொல்வதற்கு வேலையும் இல்லை என்றால், சொன்ன கையோடு இரண்டு உள்ளங்கைகளையும் வளைத்து, நடுவே ஒன்றுமில்லாமல் ஒரு கூடு போலக் காட்டினால் போதும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அந்த மாதத்தில் பிறந்த குழந்தைகள் பேசுவதற்கு முன்பே கையை வளைக்கக் கற்றன. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், பெண்ணின் பேரை ஒரே ஒரு தரம் கை வளைக்காமல் சொல்லிப் பார்க்கட்டுமா என்று நாசூக்காகக் கேட்டார்கள். "தாராளமா. மொதல்ல மாப்பிள்ளை பேரைச் சொல்லிப்பிடுவோம்" என்றார் பெண்ணின் அப்பா. வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துபோனார்கள்.

எல்லாரும் ஒரே மாதிரித் திறக்கவும் இல்லை. பஞ்சாயத்துத் தலைவர் பேரை எவனோ கூட்டத்தில் சும்மா சொல்லிவிட, அவருக்குள்ளே ஒரே ஒரு வரிதான் இருந்தது: வந்திருப்பவன் எந்த ஆள் என்று பார், அந்த ஆளுக்குத் தக்கபடி நடந்துகொள். மற்றதெல்லாம் வேறெங்கோ இருந்தது. அவர் துண்டால் மூடிக்கொண்டு, "எல்லாப் பயலுக்கும் இதான்டா இருக்கும்" என்றார். கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. காளி கோயில் பூசாரி திறந்தபோது, அடியில் எழுதியிருந்தது யாராலும் படிக்க முடியாத பழைய பாஷையாக இருந்தது. சில பெண்கள் எத்தனை தரம் சொன்னாலும் திறக்கவே இல்லை. குடும்பப் பேரையும் முன்னால் சேர்த்துச் சொன்னால்தான் திறப்பார்கள் என்று தெரிந்தது. அந்தப் பேரோ பிறந்த வீட்டுக்கு மட்டும் தெரிந்த பேர்.

இப்படியாக ஊர் பழகிக்கொண்டு வருகையில், நிலையத்தின் மேற்குச் சுவர் மட்டும் மூடாமலே இருந்தது. யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் அது மூடவில்லை. ஒரு நாள் பாசிக்காரப் பெண்களும் பார்க்க வந்தார்கள். ராக்கு முந்தானையைப் பிழிந்து உதறிக்கொண்டு சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏத்தா நஸீமா, இதுல நாங்க எங்க இருக்கோம்? காட்டு பாப்போம்."

நஸீமா சுவரின் உச்சியைக் காட்டினாள். "இந்தா, தலைப்புல. அடைப்புக்குறிக்குள்ள மூணாவதா இருக்கு பாருங்கக்கா, பாசிச்சொல்னு."

ராக்கு மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தீகளாடி? தலைப்புலயே இருக்கோம்." பிறகு, "சரி, கீழ எங்க வருது?" என்றாள்.

நஸீமா படித்தாள். மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம். காற்றை எடுத்து அலையால் பெருக்கியிருந்தது, வகுத்திருந்தது, பழைய புயல்களோடு ஒப்பிட்டிருந்தது, இந்த அளவுக்கு மேலே போனால் சிவப்பு என்று முடித்திருந்தது. அவள் விரல் சுவரில் மெதுவாக இறங்கி, கடைசி வரிக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"கீழ இல்லக்கா."

"இல்லன்னா?"

"உங்ககிட்ட வாங்கியிருக்கு. வாங்கினதோட சரி. எங்கயும் தொடல."

நாகநாதன் சார் கதவோரம் நின்றிருந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கடன்காரரும் இல்லை, குடிகாரரும் இல்லை, நாய்க்குட்டியைக்கூடத் தாண்டித்தான் நடப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆரம்பத்துல சேர்க்கணும்னுதான் இருந்தேன், ராக்கு," என்றார், கையை வளைத்து. "கடல் சடைச்சிக்கிட்டு இருக்குன்னு சொல்றீங்க. அதை எப்படி எண்ணா மாத்துறதுன்னு எனக்குத் தெரியல. ஊர்ச்சனம் சொல்றதும் உள்ளே இருக்கணும்னு மேலேயிருந்து கேட்டாங்க. சரின்னு தலைப்புல போட்டேன். கீழே அப்புறம் எழுதிக்கலாம்னு..."

"எல போட்டு உக்கார வச்சிட்டு," என்றாள் ராக்கு, "சோறு போடாம விட்டுட்டீக."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சந்தையில் பேசும் குரலில்தான் சொன்னாள்.

அப்போதுதான் நஸீமா சுவரின் அடியில், எழுத்தெல்லாம் முடிந்த இடத்துக்கும் கீழே, சின்னச் சின்னப் பொட்டலங்கள் குவிந்து கிடப்பதைக் கண்டாள். அந்த மொழிக்கு இன்னொரு குணமும் உண்டு. வளைவுக்குள் கொடுத்ததை உடனே பிரித்துப் பார்க்காது, தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டியபடியே வைத்திருக்கும். அப்படிக் கட்டி வைத்ததற்கு வாக்கு என்று பேர். தேவையே வராவிட்டால் கட்டு கட்டாகவே கிடக்கும். இத்தனை வருஷத்துக் காலைகளில் அந்த ஜன்னலில் சொன்ன சொல்லெல்லாம், ஒரு முடிச்சுகூட அவிழாமல், ஈரம்கூடக் காயாமல் அங்கே கிடந்தன.

ராக்கு ஒன்றை எடுத்து அவிழ்த்துக் காதில் வைத்தாள். கொடுத்தவருக்கு மட்டும்தான் அது கேட்டது. முதலில் சிரித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?" என்றாள் நஸீமா.

"எம் பெரிய மக சமைஞ்ச அன்னைக்குச் சொன்னது. அடியில இழுவைன்னு சொல்லிட்டு, எம் மக பெரிய மனுஷி ஆயிட்டான்னு அதையும் சொல்லியிருக்கேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கொடிக்கும் தெரியட்டும்னு."

அன்றைக்கு உண்மையிலேயே இழுவை இருந்ததா, எந்தத் துணி ஏறியது, போன படகுகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். ஒருவருக்கும் நினைவில்லை. அந்தப் பெண்கள் சொன்னது சரியாகவும் இருந்திருக்கலாம், தப்பாகவும் இருந்திருக்கலாம். தப்பு என்று சொல்லும் அளவுக்குக்கூட யாரும் அதை மதித்துக் கேட்டிருக்கவில்லை. பெண்கள் பாசி அள்ளும் பைகளில் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் ஜன்னலுக்கு ஒருவரும் வரவில்லை. கொடி வழக்கமான நேரத்துக்கு ஏறியது. பச்சை. படகுகள் போயின, சாளை மீனும் நகரை மீனும் நிறையக் கொண்டு திரும்பின. அதற்கு மறுநாளும் அப்படியே. காற்று வலுத்த அன்றைக்குச் சிவப்பு ஏறியது, அது சரியாகவும் இருந்தது. அந்தப் பெண்கள் வராததால் எங்கேயும் ஒரு நூல் அறுபடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. அதுதான் ஊரைக் கூசச் செய்தது. ஒரு விபத்தாவது நடந்திருந்தால், ஐயோ அவர்கள் சொல்லைக் கேட்காமல் போனோமே என்று மாரில் அடித்துக்கொண்டு ஆறுதல் பட்டிருக்கலாம். ஏலம் போடுகிறவர்கள் பாசிக்காரப் பெண்களைக் கண்டால் தராசைப் பார்த்தார்கள். தலைப்பில் பேரைப் போட்டுவிட்டுக் கீழே தொடாமல் விட்ட ஆட்கள் தங்களுக்குள்ளும் இருப்பார்கள் என்று ஒவ்வொருவருக்கும் உள்ளூரத் தெரிந்திருந்தது. அந்த ஆவணியில் எங்கள் ஊர் ஆண்கள் வீட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார்கள். வாசல் நிலை தலை இடிக்காத உயரத்தில்தான் இருந்தது.

எல்லாரையும்விட நாகநாதன் சார்தான் ஒடுங்கிப்போனார். கழுத்து வரைக்கும் பித்தான் போட்டு, அதற்கு மேலே ஒரு துண்டையும் இறுக்கிக்கொண்டு நடந்தார். "சார், உங்களுக்கு ஒரு தபால் வந்திருக்கு, பேரைப் பாத்துச் சொல்லவா?" என்று மீன்கடையில் இளவட்டங்கள் சீண்டுவார்கள், அவர் வாங்கின மீனையும் விட்டுவிட்டு நடப்பார். ஆனால் அவர் பயந்தது அவர்களுக்கு இல்லை. தமக்குள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை ஒரே ஒருத்தி மட்டும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் பயந்தார்.

அவர் மனைவி பஞ்சவர்ணம் பேச்சுக்காரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம்தான் பேசுவாள். அரிசியில் கல் கிடந்ததையும் பேசுவாள், கனவில் யானை வந்ததையும் பேசுவாள். அவர் எல்லாவற்றுக்கும் "ம்" என்பார். அந்த ம்-மில் ஒரு குறையும் சொல்ல முடியாது, நேரத்துக்குச் சரியாக வரும், ஏற்ற இறக்கத்தோடு வரும். சுவரின் அடியில் அந்தப் பொட்டலங்களைப் பார்த்த அன்றைக்கே, தன் வயிற்றின் அடியிலும் என்ன கிடக்கும் என்று அவருக்குக் கனம் தெரிந்துவிட்டது.

ஆனால் வீட்டில் அவருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. பஞ்சவர்ணம் புருஷன் பேரை வாயால் சொல்லாதவள். ரேஷன் கடையில் கேட்டால்கூட, "நயினார்கோயில் சாமி பேருதாங்க" என்பாளே ஒழியச் சொல்ல மாட்டாள். ஊரெல்லாம் கையை வளைத்துக்கொண்டு திரிந்த காலத்தில் அவள் "என்னங்க" என்று கூப்பிட்டபடி நிம்மதியாகத்தான் இருந்தாள். அவரும் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் துண்டைத் தளர்த்திப் போட்டுக்கொண்டார். அப்படித் தளர்த்துகிற ஒவ்வொரு தரமும், அவள் மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோமே என்று அவருக்கே அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் தளர்த்தினார்.

ராக்குதான் ஒரு நாள் குழாயடியில் பஞ்சவர்ணத்திடம் பொட்டலத்துக் கதையைச் சொன்னாள்.

"பழைய பேச்செல்லாம் அப்படியேவா கெடந்துச்சு?"

"உப்புக்கூட உதிரலத்தா. நான் மறந்துபோனதெல்லாம் அதுல இருக்கு."

பஞ்சவர்ணத்தின் குடம் நிரம்பி வழிந்தது, அவள் கவனிக்கவில்லை. அவள் அம்மா இறந்தபோது, கடைசியாக அவள் காதைப் பிடித்து இழுத்து ஒன்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். காரியம் முடிந்து வந்த அன்றைக்கு அதைப் புருஷனிடம் சொன்னாள். அவர் "ம்" என்றார். வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எடுத்துப் புழங்காத பாத்திரம் பரணில் எங்கேயோ போய்விடுவது போல அந்தச் சொல் அவளிடமிருந்தே தொலைந்துபோயிற்று. அம்மாவின் விரல் காதைப் பிடித்த இடம் மட்டும் தெரிந்தது, என்ன சொன்னாள் என்பது வரவே இல்லை. அம்மாவின் ஒவ்வொரு திதிக்கும் உட்கார்ந்து யோசித்து யோசித்து அழுதிருக்கிறாள். அது எங்கே இருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் நாகநாதன் சார் சாப்பிட உட்கார்ந்தார். நகரை மீன் குழம்பு. அவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் உட்காருவதில்லை.

"என்னங்க," என்றாள். "மன்னிச்சிக்கிடுங்க."

பிறகு அவர் பேரைச் சொன்னாள். கையை வளைக்கவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை. வாழ்க்கையில் முதல் தரமாகச் சொல்வதால் எழுத்து எழுத்தாக, பிள்ளைகள் பாடம் படிப்பது போலச் சொன்னாள்.

அவர் கை சோற்றிலேயே நின்றது. துண்டும் சட்டையும் விலக, தொண்டைக்குழியிலிருந்து அவர் திறந்துகொண்டார்.

அவள் அவசரப்படாமல் படித்தாள். தலைப்பில் அவள் பேர் இருந்தது. அதற்குக் கீழே எழுந்திருப்பது இருந்தது, குளிப்பது, சாப்பிடுவது, அலுவலகம் போவது, கொடி, மழை, வீட்டு வரி, அவள் சமையலுக்கு உப்புப் பார்ப்பது, தூங்குவது எல்லாம் இருந்தது. எந்த வரியும் அவளைத் தொடாமலே அடுத்த வரிக்குப் போயிற்று. கடைசி வரிக்கும் கீழே பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. அரிசியில் கிடந்த கல்லும், கனவில் வந்த யானையும், நெஞ்சு படபடக்குது ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போவமா என்று கேட்டதும், எல்லாம் கட்டியபடியே கிடந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் அவள் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. ஏசிவிட்டால் தேவலை என்று காத்திருந்தார். அவள் ஏசவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது, துணிப்பெட்டிக்குள் எதையோ தேடுவது போல.

ஒன்றை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதை அவிழ்த்தபோது அவள் கை தன்னால் காதைத் தொட்டது. அவளுக்கு மட்டும் கேட்டது. அவள் முகம் முதலில் சின்னப்பிள்ளை முகமாகி, பிறகு அவள் அம்மாவின் முகமாகி, பிறகு திரும்பவும் பஞ்சவர்ணத்தின் முகமானது. அந்தப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணை அவரிடமிருந்து எடுத்தாள்.

அவர் மூடிக்கொண்டார். சட்டை சட்டையாக இருந்தது, சோறு ஆறிப்போயிருந்தது. உள்ளே ஒரு இடம் மட்டும், பல் பிடுங்கிய ஈறு போல வெறுமையாக இருந்தது. இத்தனை காலம் அது தன்னிடம்தான் இருந்தது, தான் ஒரு தரம்கூட அவிழ்க்கவில்லை என்பது அந்த வெறுமையில்தான் அவருக்கு முழுசாக உறைத்தது. அவள் எழுந்து கொல்லைப் பக்கம் போகத் திரும்பினாள்.

"பஞ்சவர்ணம், உங்கம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் பதிலுக்காகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் நின்றாள். கோபமில்லாமல், சந்தையில் விலை சொல்வது போல, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே."